பெரட்டுக் களத்தில் கொயினா

மதராஸில் கம்பவுண்டர் படிப்பில் முதல் மாணவன் நான். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மலாயாவில் வைத்தியம் எப்படி நடக்கிறது, நம் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவர இரண்டு மாதம் அனுப்பினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாரம் தங்கிவிட்டு, ரயிலேறிக் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்டவர், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர்; அதிகம் பேசமாட்டார்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் மலேரியாவுக்குக் கொயினாத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்ததும் வாயைத் திறந்து காட்டி, தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் அடக்கி வைத்திருப்பவரால் பேச முடியாதல்லவா? இந்த ஏற்பாட்டை மெச்சி நோட்டில் எழுதிக்கொண்டேன். கூலிகளை வேலை வாங்கும் கங்காணி பிரம்போடு பின்னால் நின்றதை எழுதவில்லை.

மூன்றாம் நாள், டிரெசர் ஒரு பெண்ணுக்கு மருந்தை ஊற்றிவிட்டு, பெயர் கேட்காமலே அடுத்த ஆளிடம் போனார். அவள் கன்னம் உப்பியிருந்தது. மனிதர் அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“ஐயா, இவங்க இன்னும் முழுங்கல!” என்றேன், களம் முழுக்கக் கேட்கும்படி.

டிரெசர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. அதற்குள் கங்காணி வந்துவிட்டான். “முழுங்குடி!” என்று அறைந்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இரண்டாவது அறைக்கு மருந்தும் ரத்தமும் சேர்ந்து ரவிக்கையில் வழிந்தன. கீழே விழுந்தவளை இடுப்பிலும் வயிற்றிலும் மிதித்தான். வரிசையிலிருந்து அவள் புருஷன் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். கங்காணியின் ஆட்கள் நான்கு பேர் புருஷனை இழுத்துப் போட்டு, முதுகுத் தோல் உரியும்வரை பிரம்பால் விளாசினார்கள். பிறகு அவள் மூக்கைப் பிடித்து இன்னொரு கோப்பை ஊற்றினார்கள். அந்தக் கோப்பையை நிரப்பிக் கொடுத்தது நான். அளவு தப்பவில்லை.

“அவ மூணு மாசம் முழுகாம இருக்கா, தம்பி. என்கிட்ட வந்து சொன்னா. அதான் கண்டுக்காம போனேன்” என்றார் டிரெசர், ஆஸ்பத்திரியில் புருஷனின் முதுகைத் துடைத்தபடி.

கொயினா கருவைக் கலைக்கக்கூடும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஒருத்தி ஏன் விழுங்காமல் நிற்கிறாள் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் கரு கலைந்தது. மிதியாலா, மருந்தாலா? எதுவானாலும் காட்டிக்கொடுத்தவன் நான்தான். கங்காணி அன்று காலையிலும் அதே பிரம்போடு களத்தில் நின்றிருந்தான். அவனைக் கொன்றுபோட வேண்டும்போல் இருந்தது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிரெசரின் பின்னால் நடந்ததுதான் நான் செய்தது.

சாயங்காலம் காய்ச்சல் மருந்தோடு ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு, நான் கேட்காமலே, கிழிந்த உதட்டை அகலத் திறந்து காட்டி, தன் பெயரை உரக்கச் சொன்னாள்.