மாடியறை அண்ணை பேசிய ரஷ்யப் படம்

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லூயிஷாமில் ஒரு வீட்டின் கீழறையில் குடியிருந்தோம். ஆறு வயது மகள் லண்டன் வந்த நாளிலிருந்து என் காதோடு மட்டும்தான் கிசுகிசுப்பாள். வேறு யாரிடமும் ஒரு சொல் இல்லை. "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ?" என்று கோயிலில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று தைக்கும். விடுமுறைக்குப் பிறகும் இப்படியே இருந்தால் வேறு பள்ளிக்கு மாற்றவேண்டி வரும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

மேலறை அண்ணை மொஸ்கோவில் படித்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேசட் ஒன்றோடு இறங்கி வந்தார். கோடை முகாமுக்குப் போன பிள்ளைகளின் குறும்புகளைக் காட்டும் பழைய சோவியத் நகைச்சுவைப் படம். அந்த நாட்டு முறையில் பதிந்த கேசட் என்பதால் எங்கள் டெக்கில் போட்டால் நிறமே வரவில்லை.

"கலர் மொஸ்கோவிலையே நிண்டிட்டுது" என்றார்.

சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் வரும் எல்லோருக்கும் அவரே தமிழில் குரல் கொடுத்தார். முகாம் தலைவிக்கு அதட்டல் குரல், குண்டுப் பையனுக்கு மூக்குக் குரல். அந்த வீட்டின் மற்ற அறைகளில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை.

சமையலறையில் ஜாம் காணாமற்போகிறது. தலைவி பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார். "ஆர் எடுத்தது?" என்று அதட்டிய அண்ணைக்குத் திடீரென இருமல். திரையில் ஒரு சின்னப்பெண் வாயசைக்கிறாள். குரல் கொடுக்க ஆளில்லை.

"நான் எடுக்கேல்லை. பூனைதான் எடுத்தது."

என் மடியிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. படத்தில் பூனையே கிடையாது.

அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைவியின் குரலிலேயே, "அப்ப நீர் அந்தப் பூனையை நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

"அது வராது. அதுக்குக் காய்ச்சல்."

படம் முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். இந்த முறை பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் மகள்தான் குரல்.

"அண்ணை, உண்மையாவே இருமினனீங்களோ?" என்று பிறகு கேட்டேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடியும் தங்கச்சி."

பள்ளி திறந்ததும் பெயர் கூப்பிட்டபோது மகள் பதில் சொன்னாளாம். அவளை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. அந்தப் படத்தில் உண்மையில் என்னதான் பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பேசத் தயங்கும் பிள்ளையைக் கண்டால், கேள்வி கேட்டு நெருக்காமல் கொஞ்சம் இடம் விட்டுக் காத்திருக்கிறேன்; அந்தப் பொறுமையை எனக்குத் தந்தவர் அந்த அண்ணைதான்.