பாகம் பிரிக்காத ஒயர்

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதற்குக் கட்டுச்சோறு விருந்து நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, குளியலறைக் குழாயைத் திறந்த என் கையில் சுள்ளென்று கரண்டு அடித்தது. பெரிய அடி இல்லை. ஆனால் அதே குழாயை அவள் நிறைமாத வயிற்றோடு, ஈரக் கையோடு திறப்பாள் என்று நினைத்துப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. கோயமுத்தூரில் வீட்டுக்கு ஒருவர் மோட்டார் மெக்கானிக். மீதிப் பேர் அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள். தோட்டத்தில் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனாலும் கன்டென்சரை மாட்டி இரண்டிலேயே மோட்டாரை ஓட்டிப் பழகிய கூட்டம் இது. ஷாக் அடிக்கிறது என்று இவர்களிடம் சொன்னால் என்ன பதில் வரும்? செருப்புப் போட்டுக்கொண்டு குளி என்றார் அவர். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் வீட்டில்தான் நோய் முற்றும். நான் போட்ட சண்டையில் கடைசியில் வயரிங் முழுவதையும் மாற்றச் சம்மதித்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் போய் நின்று, என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஹீட்டருக்கு எர்த்தே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. எல்லாவற்றையும்விட என் மனதில் பதிந்தது ட்ரிப்பர்தான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்தாலும், யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு லைனை வெட்டிவிடும். சரியான சந்தேகப் பிராணி. எனக்கு அதை உடனே பிடித்துப்போயிற்று.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் கட்டிய ஓட்டு வீடு. அவர் காலத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் பாகம் பிரித்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து தென்னையை மரம் மரமாகவும், கிணற்றுத் தண்ணீரை முறை வைத்தும் பிரித்தார்கள். நடு ஹாலில் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு மீட்டரும் வாங்கிக் கொடுத்தார்கள். கிழக்கு வாசல் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று கொழுந்தனாருக்குக் கோபம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கல்யாணங்களில் பார்த்தால் பந்தியில் தள்ளித் தள்ளி உட்காருவோம். அவர் பெண்சாதி என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று சுற்றி வந்தவள். அவளும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

வயர்மேன் வேலையை வேகமாகத்தான் செய்தார். எங்கள் அறைகளுக்கெல்லாம் புது ஒயர் இழுத்தாயிற்று, எர்த் குழி தோண்டியாயிற்று, ட்ரிப்பரும் மாட்டியாயிற்று. அன்றைக்கே அதன் விசை கீழே விழுந்து கரண்டு நின்றது. தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு டப்பென்று விழும். நாங்கள் எந்த ஸ்விட்சையும் தொடாதபோதும் விழும். சாப்பிட உட்கார்ந்தால்கூடப் போர்டு தெரிகிற மாதிரிதான் உட்காருவேன். விருந்து நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. வயர்மேனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: ட்ரிப்பரைக் கழற்றிவிட்டு லைனை நேராகக் கொடுத்துவிடலாம், பாதி ஊர் அப்படித்தான் இருக்கிறது. அதைக் கழற்றுவதானால் மகளை இங்கே அழைத்து வர மாட்டேன், நான் அவள் ஊருக்குப் போய்விடுவேன் என்றேன்.

மறுநாள் வயர்மேன் மெயினை அணைத்துவிட்டுப் பழைய போர்டில் கை வைத்தார். அணைத்த லைனில் அவருக்கு ஷாக் அடித்து, ஸ்டூலிலிருந்து சாய்ந்து, நல்லவேளையாக மெத்தை மேல் விழுந்தார். எழுந்து உட்கார்ந்தவர் பயந்துபோய் ஒயர் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு போனார். எங்கள் எந்த ரூமுக்கும் சேராத ஒரு பழைய நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பி வருகிற ஒயர், உத்தரத்தின் மேல் மரச்சட்டத்தில் ஓடி, நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

தென்னையைப் பிரித்தவர்களுக்கு ஒயரைப் பிரிக்கத் தோன்றவில்லை. அவர்கள் அடுப்படிக்குக் கரண்டு அவர்கள் மீட்டரிலிருந்து போய், எங்கள் போர்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே லைட் போட்டால் இங்கே ட்ரிப்பர் விழும். ஒரு மீட்டரின் ஒயர் இன்னொரு மீட்டரின் ஒயரோடு எங்கேயும் கலக்கக் கூடாது என்பது விதி. இத்தனை வருஷமாக இரண்டு வீடும் அதை மீறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

"வெட்டி உட்ரு. அவனுக்கு வேணும்னா அவன் பாத்துக்குவான்" என்றார் என் வீட்டுக்காரர்.

வெட்டினால் அவர்கள் அடுப்படி இருண்டுபோகும். தொங்குகிற முனையை அந்தப் பக்கம் யாராவது தொட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் வயர்மேன் மெத்தை மேல் விழுந்து காட்டியிருந்தாரே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மகளுக்கு வரக்கூடாது என்று நான் பயப்படுவது அவர்களுக்கு மட்டும் வரலாமா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த வாசலுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தான்; பாகம் பிரித்த பிறகு அன்றுதான் அதை மிதித்தேன்.

கொழுந்தனார் பெருந்துறைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் பெண்சாதி ஜன்னல் வெளிச்சத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வாங்கக்கா என்று எழுந்தவள், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியுமுங்கக்கா. கொஞ்ச நாளா இந்த அடுப்படி மட்டும் போய்ப் போய் வருது. உங்க ஊட்ல வேல நடக்குதுன்னு தெரியும். கேட்டா சண்டைக்கு வந்த மாதிரி ஆயிருமேன்னு உட்டுப்போட்டேன்."

பிறகு அவள் போர்டைக் காட்டினாள். ஒரு மூலையில் சதுரமாக வெறும் ஓட்டை, அதன் மேல் அட்டை ஒட்டியிருந்தது. முன்னொரு சமயம் கொழுந்தனாருக்கு ஷாக் அடித்தபோது அவர்களும் ஒரு ட்ரிப்பர் போட்டிருக்கிறார்கள். எங்கள் குளியலறை நியூட்ரல் அப்போது அவர்கள் பக்கம் இருந்திருக்கிறது.

"நிக்கவே இல்லீங்க. வெடியால நீங்க ஹீட்டரு போட்டா டப்புனு விழும். அக்கா எந்திரிச்சுட்டாங்கன்னு நெனச்சுட்டு, நானும் எந்திரிச்சு அதத் தூக்கி உட்டுட்டு அடுப்பப் பத்த வெப்பேன். அப்பறம் இவரு கோவத்துல கழட்டிப்போட்டாரு. அதுக்கப்பறம் நீங்க எப்ப எந்திரிக்கறீங்கன்னே தெரியலீங்க."

அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, மீதி வெங்காயத்தை நான் அரிந்தேன். கண்ணில் தண்ணீர் வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அவரவர் வீட்டுக்காரரிடம் நாங்களே பேசிச் சம்மதிக்க வைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலும் மெயினை அணைத்தோம். அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம், சுவர் ஓட்டை வழியாகப் பழைய ஒயரை உருவினார்கள். இழு, போதும், இன்னும் கொஞ்சம் என்பதற்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போர்டிலும் புது ட்ரிப்பர் ஏறியது. இரண்டும் விழாமல் நின்றன.

விருந்து முடிந்து மகள் வந்தாள். முதல் நாள் அவள் குளிக்கப் போனபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். குழாய் திறந்தது, தண்ணீர் கொட்டியது, உள்ளே அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். என்னம்மா வாசல்லயே நிக்கறீங்க என்று வெளியே வந்து சிரித்தாள்.

இப்போது விடியற்காலையில் ஹீட்டரைப் போட்டால் எந்தப் பக்கமும் எதுவும் விழுவதில்லை. விதிப்படி இரண்டு வீடும் சுத்தமாகப் பிரிந்துவிட்டது. அதனால் ஹீட்டரைப் போட்டுவிட்டு நடுச் சுவரைக் கையால் தட்டுகிறேன். அந்தப் பக்கமிருந்து அவள் கரண்டியால் திருப்பித் தட்டுகிற வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.