கடைசியில் ஓடும் பேர்

பான்கேக் என்றால் இன்று தின்கிற கேக் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது முகத்தில் அப்புகிற சமாச்சாரம். ஈர ஸ்பாஞ்சில் தொட்டுக் கன்னத்தில் வைத்ததும் ஒரு மெழுகு வாசனை வரும் பாருங்கள்... எழுபதுகளின் கடைசி. மெட்ராஸ் டிவி ஸ்டேஷன். ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு நான்.

செங்கல்பட்டில் காலேஜ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பேச்சுப் போட்டியில் என்னைப் பார்த்துவிட்டு, வாராவாரம் வரும் இளைஞர் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கக் கூப்பிட்டார்கள். "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்து "வணக்கம்" என்று முடிப்பேன். அவ்வளவுதான் என் புகழ்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் டிவி கிடையாது. பெரிய தெருவில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் இருந்தது. களையெடுக்கப் போகிற என் அம்மா, அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றுதான் பார்ப்பாள். எங்கள் தெருக்காரர்கள் அந்த வீட்டுக்குள் போனதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

நான் டிவியில் வந்த முதல் வாரம், கடைக்காரர் மனைவி வெளியே வந்தாராம்.

"இன்னாம்மா இது, உம்பொண்ணு உள்ள பேசிகினு கீது, நீ வெளிய நின்னுகினு கீற? வா, உள்ள வந்து உக்காரு."

அன்றிலிருந்து சுவரோரம் அம்மாவுக்கு ஒரு பாய். புள்ளி புள்ளியாகத் தெரிகிற என் மூஞ்சியைப் பார்த்துப் பதிலுக்கு வணக்கம் வேறு சொல்வாளாம்!

டிகிரி முடிந்ததும் அதே ஸ்டேஷனில் புரொடக்‌ஷன் அசிஸ்டன்ட் வேலை கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. புரொடக்‌ஷனில் இருப்பவர்கள் ஸ்க்ரீனில் வரக் கூடாது. அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளம் தூக்கித் தூக்கி முதுகு போய்ப் படுத்திருந்த நேரம். எனக்கு வேறு என்ன வழி? சரி என்றேன். அழுகையாக வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "இனிமே மூஞ்சி வராதும்மா. கடைசில பேருதான் வரும்."

"பேரா? எனக்கு இன்னா படிக்கவா தெரியும்?" என்றாள். முறத்தில் அரிசியைப் புடைத்தாள். அப்புறம் மெதுவாக, "அப்ப அந்த வூட்ல பாய் போடுவாங்களாடி?" என்றாள்.



முதல் அவுட்டோர் ஷூட்டிங் மாமல்லபுரத்தில். சித்திரை வெயில். என் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். நல்ல பெண்தான், பாவம். அவள் பான்கேக் உருகாமல் இருக்க நான் குடை பிடிக்கணும். லைட் பார்க்க அவள் இடத்தில் நான் போய் நிற்கணும், கேமரா ஓடப்போகும்போது நகர்ந்துவிடணும். நடுவில் சிற்பிகளிடம் ஓடி உளிச் சத்தத்தை நிறுத்தச் சொல்லணும்.

"அண்ணாத்த, ஒரே ஒரு ஷாட்டு..."

"இத்தோட எத்தினி ஒரே ஒரு ஷாட்டும்மா? எங்க பொழப்ப எப்ப பாக்கறது?"

மணல் செருப்புக்குள் புகுந்து கால் வெந்தது. குடை பிடித்த கை மரத்துப்போனது. மீன்கூடையோடு போன ஒரு அம்மா நின்று என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீ பஞ்சாயத்து ஆபீசு டிவில வர்ற பொண்ணுதான? இன்னா இங்க குடை புட்ச்சிகினு கீற?"

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய? வெயிலை விட அதுதான் சுட்டது.

ஆனாலும் மனசுக்குள் ஒரே கணக்கு. கடைசியில் என் பேர் ஓடும். யாராவது படித்துச் சொல்வார்கள். அம்மா பாயில் உட்கார்ந்திருப்பாள்.

ஒளிபரப்பான அன்று மாலை நான் ஸ்டேஷனில் இருந்தேன். முந்தின நிகழ்ச்சி இழுத்துவிட்டது. செய்திக்கு நேரமாகிவிட்டது. புதுப் பெண் வணக்கம் சொன்ன கையோடு படத்தை வெட்டிச் செய்திக்குப் போய்விட்டார்கள். யார் பேரும் ஓடவில்லை.

"விடும்மா, பேரையெல்லாம் யார் பாக்கறா?" என்றார் புரொட்யூசர். அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுநாள் காலை பாசஞ்சரில் ஊர் திரும்பினேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே நிற்கிற காட்சிதான் வழியெல்லாம். அவளோ வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சுடி உம்பேரு! கடைக்காரரு டிவிய அணைக்கப் போனாரு. அந்தம்மாதான், 'இருங்க, இவங்க பொண்ணு பேரு வரும்'னு நிறுத்தினாங்க. வந்ததும் அவங்களே சத்தமா படிச்சாங்க."



"உள்ளதான் உக்காந்தியாம்மா?"

"பின்ன? பாய்லதான்."

வராத பேரை அந்த அம்மாள் படித்தாரா? இல்லை, என் வாடிய மூஞ்சியைப் பார்த்து அம்மாவே கதை கட்டிவிட்டாளா? நான் கேட்கவில்லை. இப்போது கேட்க இரண்டு பேருமே இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ நிகழ்ச்சிகளில் என் பேர் ஓடியது. ரிட்டயர் ஆகும்வரை கேமராவுக்குப் பின்னால்தான்.

இன்று எங்கள் வீட்டில் சுவர் நிறைய டிவி. நான் சோபாவில், காலை நீட்டிக்கொண்டு. படம் முடிந்து பேர் ஓட ஆரம்பித்தால் போதும், மகன் ரிமோட்டை எடுப்பான்.

"முடிஞ்சிடுச்சும்மா..."

"இருடா" என்பேன்.

பொடிப்பொடி எழுத்து, கண் வேறு சரியில்லை. உதவி என்று போட்டதற்குக் கீழே எந்த ஊர்ப் பெண்ணின் பேரோ இருக்கும். அவள் அம்மா எங்கே நின்றுகொண்டு பார்க்கிறாளோ... அந்த ஒரு பேரையாவது சத்தமாகப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.