பட்டாணி வெளியே போனாளா?

போன வாரம், என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததுமே பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன், "நாய்க்குட்டி வாங்கியிருக்கீங்களா?" என்று. எப்படித் தெரியும் என்று அசந்துபோனார். தெரியாமல் என்ன? ஒரு வருஷம் அந்த வாசனையிலேயே சாப்பிட்டு, அந்த வாசனையிலேயே தூங்கியவன் நான்.

எங்கள் வீட்டுக் குட்டிக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது என் அவசரம். இரண்டு மாதக் குட்டியாக மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தபோது அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. கிரேட் டேன் ஜாதி என்று சொல்லிக் குட்டியைக் கொடுத்த சிநேகிதன், அது எவ்வளவு வளரும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றாள். ஒரு முறை போனால் பாதிக் கூடம் நனையும்.

அக்காவுக்காகத்தான் அவளைக் கொண்டுவந்தேன். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் அக்கா பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் தலை காட்டினாலே, "எப்பம்மா வந்த, மாப்ள வர்லியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. கேட்காமல் போனால்தான் மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள். அக்கா எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை, கோயிலுக்குக்கூட. வீட்டில் அவள் பேசியதெல்லாம் பட்டாணியிடம் மட்டும்தான்.

குட்டியைப் பழக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. எழுந்தவுடன் வெளியே கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் அது நடக்கிற காரியமா? விடிந்ததும் தறிக்குப் போக வேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிப் பாவு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. அந்த நேரத்தில் நாயோடு இறங்கினால் நாயை விட்டுவிட்டு என்னை உதைத்திருப்பார்கள். அதனால் பின்கட்டில் பழைய பேப்பரை விரித்தேன். அதன் மேல் போனால் ஒரு பிஸ்கட். கெட்டிக்காரி, மூன்றே வாரத்தில் பேப்பரைத் தேடிப் போய் உட்கார ஆரம்பித்தாள். நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. புடவைக்கு டிசைன் போடுகிறவன். இப்போது கம்ப்யூட்டரில். அப்போது பெரிய கிராஃப் தாளைக் கூடத்துத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகச் சாயம் வைப்பேன். நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை.

முகூர்த்தப் புடவை ஒன்றின் முந்தானை, மூன்று வார வேலை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பட்டாணி அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பும் பச்சையும் கலந்து ஓடுகின்றன. வாலை ஆட்டிக்கொண்டு என் கையைப் பார்க்கிறாள், பிஸ்கட் எங்கே என்று. அன்று அவளை அடித்தேன். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தேன். இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. தறிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டை ஓரத்தில் என்று ஒளிந்து ஒளிந்து போனாள். என்னைப் பார்த்தாலே நின்ற இடத்தில் சொட்டியது. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து முடிவாகச் சொன்னார்: "பட்டு இருக்கிற வீடுபா இது. முசரவாக்கத்துல என் சிநேகிதரு கொல்லைக்கு நாய் கேட்டுக்கினே இருக்காரு. ஞாயித்துக்கெழமை அனுப்பிடு."

அக்கா துணியும் வாளியுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் என்னிடம் சொன்னாள்: "பேப்பர் மேல போன்னு நீதானே சொல்லிக் குடுத்த. இது பழைய பேப்பரு, இது உன் டிசைனுன்னு அதுக்கு எப்டிடா தெரியும்? தப்பே பண்ணாதது எத்தினி நாளைக்குத்தான் ஒளிஞ்சிக்கினு கெடக்கும்?"

அப்பாவிடம் போய், "தப்பு என்னுதுபா" என்றேன். ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். என்னோடு பட்டாணி ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அக்கா வர வேண்டியதாயிற்று. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். பசுமாடுகளுக்கு நடுவில் எங்களைப் பார்த்த டாக்டர் சிரித்தார். "ஒடம்பு வளந்துட்டா எல்லாம் வளந்துடுச்சா? இது இன்னும் கொழந்தைமா. மூத்திரத்துல கிருமி வேற இருக்குது. அடிச்சா பயந்துக்கினு மறைவாத்தான் போவும்." பத்து நாள் மாத்திரை. பேப்பரே கூடாது. இரண்டு மணிக்கு ஒருதரம் வெளியே கூட்டிப்போக வேண்டும், அதுவும் அவள் யாரை நம்புகிறாளோ அவர்தான்.

அது நானில்லை என்று டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அக்கா தெருவில் இறங்கினாள். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். பட்டாணி இழுக்கிற இழுப்பில் குனிந்த தலையோடு ரொம்ப தூரம் போக முடியாது. மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டைத் தாண்டியிருப்பாள். நாலைந்து நாளில் கேள்வியே மாறிவிட்டது. "இன்னாம்மா, பட்டாணி வெளிய போனாளா?" காய் வாங்கும்போது கேட்டார்கள், தண்ணீர் பிடிக்கும்போது கேட்டார்கள். பாவு போடுகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நூலை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டி, அக்காவும் நாயும் போக வழி விட்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மூன்றாவது வாரத்தில் மறுபடியும் கூடத்தில் ஈரம். நான் பார்ப்பதற்குள் அப்பா தன் பழைய வேட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார். "சொம்புத் தண்ணி கொட்டிடுச்சுபா" என்றார். எங்கள் வீட்டுச் சொம்பில் அப்படி வாசனை வந்ததில்லை. ஆனால் அதோடு முசரவாக்கத்துப் பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது.

பட்டாணி ஏழு வருஷம் இருந்தாள். அந்த ஜாதிக்கு ஆயுசு அவ்வளவுதானாம். இப்போது அந்த வீடும் எங்களுடையதில்லை. அப்பா இல்லை. அக்கா வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

பட்டாணி போனது ஒரு காலை நேரம். வெளியே கூட்டிப்போன இடத்திலேயே, நாலு வீடு தள்ளிச் சுருண்டு விழுந்தாள். அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து, தலைமுடி கலைய, வாய்விட்டு அழுதாள். பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.