மீன்பெட்டிக்குள் இரண்டு முயல்கள்

முயலுக்கு வியர்க்காது என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. மட்டக்களப்புக்குப் படிக்கப் போன மகள், தன்னுடைய இரண்டு முயல்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகும்போது சொன்னாள்.

"உடம்புச் சூடெல்லாம் செவியாலதான் அம்மா வெளியில போகும். செவியைத் தொட்டுப் பாருங்கோ. கொதிச்சா ஈரத்துணியால துடைச்சு விடுங்கோ. குளிப்பாட்டிப் போடாதேங்கோ, பயத்திலயே செத்துப்போகும். நான் லீவில வரேக்க ரெண்டும் உயிரோட இருக்கவேணும்."

அம்மா தனியாக என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். திருகோணமலையில் கச்சான் என்கிற அனல்காற்று தொடங்கினால் மனிதருக்கே மண்டை காய்ந்துவிடும். நாங்கள் இருப்பது ஓர்ஸ் ஹில் மேட்டில். துறைமுகத் தண்ணீர் முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, ஒரு பிரயோசனமும் இல்லை. கூட்டை இழுத்துப்போய் மாமரத்துக்குக் கீழே வைத்தேன். மேலே நனைத்த சாக்கு. சோடாப் போத்தல்களில் தண்ணீரை உறையவைத்து, பழைய துவாயில் சுற்றி உள்ளே வைப்பேன். இரண்டும் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பெரிய மனிதர்களைப் போலப் படுத்திருக்கும்.

"மனுசன் வெயிலுக்கால வாறன், ஒரு கிளாஸ் தண்ணி இல்லை. முயலுக்குப் போத்தல் போத்தலா ஐஸ்" என்பார் என் கணவர்.

"நீங்களும் செவியை நீட்டா வளத்துக்கொள்ளுங்கோ, துடைச்சு விடுறன்" என்பேன் நான்.

அவர் மீன் வியாபாரி. கரைக்கு வரும் மீனை வாங்கி, ஐஸ் போட்டு, ரெஜிபோம் என்கிற வெண்நுரைப் பெட்டிகளில் அடைத்துக் கண்டிக்கு லொறி ஏற்றுகிறவர். அவர் கட்டிய பெட்டி என்றால் அங்கே திறந்து பார்க்காமலே இறக்குவார்களாம். அடியில் ஐஸ், அதன்மேல் மீன், மேலே மூடி, மூடியைச் சுற்றி டேப். குளிர் கொஞ்சமும் வெளியே போகக்கூடாது. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அந்தக் கதையைப் படுத்துக்கொண்டு சொன்னாலும் கை தானாகவே காற்றில் பெட்டி கட்டும்.

அன்றைக்கு விடியவே கரண்ட் போய்விட்டது. நான் கந்தோருக்குப் போகும்போது போத்தல்களில் பாதி ஐஸ்தான் இருந்தது. மதியம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குப் போன் எடுத்தேன்.

"வீட்டை ஒருக்காப் போய்ப் பாருங்கோப்பா. போத்தல் எல்லாம் கரைஞ்சிருக்கும். குளிர்மையா எங்கயாவது வையுங்கோ."

"ஓம், ஓம். நான் பாத்துக்கொள்ளுறன்."

கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்தார். "ஒண்டுக்கும் யோசியாதையும். கண்டிக்குப் போற பாரை மீன் மாதிரிக் குளிர்மையா இருக்குதுகள்." நான் சிரித்தேன். பக்கத்து மேசையில் இருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தேன். கடைசியில் மனுசனுக்கும் முயல் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

மனம் கேட்காமல் அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கூட்டுக் கதவு திறந்து கிடந்தது. விறாந்தைக் கதிரையில் அவர் சாய்ந்திருந்தார்.

"எங்க முயல்?"

நாடியால் காட்டினார். "உள்ளுக்குத்தான். நல்ல ஐஸ் போட்டு, மேல சாக்கு விரிச்சு வைச்சனான்."

அவர் காட்டிய மூலையில் மீன்பெட்டி. மூடி போட்டிருந்தது. மூடியைச் சுற்றி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பழுப்பு டேப்.

குசினிக்கு ஓடிக் கத்தி எடுத்தேனா, பல்லால் கடித்தேனா, இன்றைக்கும் ஞாபகம் இல்லை. டேப் கிழிந்த சத்தம் மட்டும் காதில் நிற்கிறது. மூடியைத் தூக்கினேன். வெள்ளை முயல் சாக்கின்மேல் கால்களை நீட்டிக் கிடந்தது. உடம்பில் ஒரு காயமில்லை. செவியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அந்தச் செவியைக் குளிர வைக்கத்தான் கச்சான் தொடங்கிய நாளிலிருந்து பாடுபட்டேன்.

பெட்டியின் அடிப்பக்கத்தில், ஐஸ் கரைந்த தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு, விரல் போகுமளவுக்கு. சாம்பல் தன் மூக்கை அந்தத் துளைக்குள் செருகிக்கொண்டு கிடந்தது. தூக்கினேன். நனைந்த துணிபோலக் கையில் தொங்கியது. மாமரத்தடியில் வைத்து, துடைத்து, விசிறினேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு விலா எழும்பித் தாழ்ந்தது.

அவர் வெள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"ஐஸ் போதாமப் போச்சோ?" என்று கேட்டார்.

இந்த மனிதரோடா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன் என்று இருந்தது. "அதுகள் என்ன மீனே? மூச்சு விடுறதுகளெல்லே!" என்று கத்தினேன்.

"மூச்சு" என்றார். அவர் இதுவரை பெட்டிக்குள் வைத்த எதற்கும் மூச்சு இருந்ததில்லை. அது விளங்கியபோது என் கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, பயமாக மாறியது. அந்தக் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் போலும். வெள்ளையை மாமரத்தடியில் புதைத்த பிறகு கைகளைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே நின்றார்.

பின்னேரம் மகள் வீடியோவில் வருகிற நேரம். "வெக்கை தாங்காமச் செத்துப்போச்சு எண்டு சொல்லுவம்" என்றேன். போன் அடித்ததும் அவரே எடுத்தார்.

"பிள்ளை, வெள்ளை செத்துப்போச்சு. நான்தான். மீன்பெட்டிக்குள்ள ஐஸ் போட்டு வைச்சனான்."

அவள் மெல்லக் கேட்டாள். "மூடியைத் திறந்துதானே வைச்சனீங்கள், அப்பா?"

"இல்லைப் பிள்ளை. குளிர் போயிடும் எண்டு டேப் ஒட்டினனான்."

அவள் அழுதாள். அவர் போனைக் கீழே வைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அழுது முடித்ததும் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அம்மா, சாம்பலை அப்பாட மடியில வையுங்கோ. இனி அது தனிச்சுப் போயிடும். அப்பாவே அதைப் பாத்துக்கொள்ளட்டும்."

"ஏலாது பிள்ளை" என்றார் அவர். "என்னட்டத் தராதேங்கோ."

"வையுங்கோ அம்மா."

நான் வைத்தேன். சாம்பல் அவருடைய இடுப்புச் சாரத்தை முகர்ந்தது. மீன் மணத்துக்கு ஓடிவிடும் என்று நினைத்தேன், ஓடவில்லை. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு படுத்தது. அவர் அசையவில்லை. கதிரைச் சட்டத்தைப் பிடித்திருந்த கைகள் இரண்டையும் கடைசிவரை எடுக்கவே இல்லை.