சிந்தசைசருக்குப் பற்றரி மாற்றிய நாள்

சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி ஒன்றின் நினைவு முழுவதையும் இருபத்தைந்து சத நாணயக் குற்றி அளவான பற்றரியிடம் ஒப்படைத்த கொம்பனிமீது எனக்கு இன்னும் கோபம். எல்லாம் கடையில் கிடைக்கும் நாட்டில் இருந்து யோசித்திருக்கிறார்கள். போரைக் காட்டிப் பற்றரியைக்கூட எங்களுக்குத் தடைசெய்த அரசின்மீதும் கோபம். ஆனால் நான் செய்ததை இவர்கள் யாரும் செய்யவில்லை.

எங்கள் இசைக்குழுவில் சிந்தசைசர் இரண்டு. இரண்டும் ஜப்பான், வேறு வேறு கொம்பனி. என்னுடையது பழையது. ஒவ்வொரு ஒலியையும் குமிழ்களைத் திருப்பித்தான் எடுக்கவேண்டும். வெயில் ஏறினால் சுதி நழுவும். ஆனால் ஒலி கனமானது. நண்பனுடையது பின்னர் வந்தது. சுதி அசையாது. செய்து வைத்த ஒலியைப் பொத்தானை அழுத்தியதும் தரும்.

"உன்ரை பெட்டி மிருதங்கம் மாதிரி, மச்சான். ஊரே பாத்துக்கொண்டிருக்க நீ சுதி சேர்க்கிறாய்," என்பான்.

"உன்ரை பெட்டி கிளிப்பிள்ளை. சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லும். என்ரை கொம்பனிதான் திறம்," என்பேன்.

இரண்டு வருடம் மினக்கெட்டு அவன் அதில் ஒரு நாதசுர ஒலியைச் செய்தான். அளவெட்டிக் கோயிலில் அதை வாசித்தபோது முதியவர் ஒருவர் மேடையருகே வந்தார். "தம்பி, ஊதுற சீவாளியின்ரை ஈரங்கூடக் கேக்குது," என்றார். பிறகு சுதி நழுவிய என் பெட்டியைக் காட்டி, "உது என்ன, பழுதோ?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் பௌதிகம் படிப்பிக்கிறவன். சிரித்தவர்களில் என் மாணவரும் இருந்தனர்.

தடைக்காலத்தில் அவனுடைய பற்றரி சாகத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் புதியதொன்றைச் சட்டைக் கைமடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். மின்சாரம் ஓடும்போதே மாற்றவேண்டும். இல்லாவிட்டால் செய்த ஒலிகள் எல்லாம் அழிந்துவிடும். ஈயம் உருக்கி ஒட்டத் தெரிந்தவன் நான்தான். மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஓடவிட்டு, அவன் தேத்தண்ணி எடுக்கப் போனான். நான் அவனுடைய பெட்டியின் கறண்ட் வயரைப் பிடுங்கினேன். பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்டினேன். வயரைத் திரும்பச் செருகினேன்.

"கறண்ட் ஒருக்கா விழுந்து எழும்பினது," என்றேன், தேத்தண்ணியோடு வந்தவனிடம்.

அவன் பொத்தானை அழுத்தினான். என்னவோ கீச்சிட்டது. மண்ணெண்ணெயைத் திட்டினான், தடையைத் திட்டினான். நானும் திட்டினேன், அவனைவிட உரக்க.

பல மாதம் முயன்றான். அந்த ஒலி வரவில்லை. ஒருநாள் உரும்பிராயில் என் வீட்டுக்கு வந்து, என் சிந்தசைசரின் குமிழ்களைத் தடவிப் பார்த்தான்.

"நீ சொன்னதுதான் சரி, மச்சான். உன்ரை கொம்பனிதான் திறம். இதிலை அழியிறதுக்கு ஒண்டும் இல்லை."

"ஓம்," என்றேன்.