பாபநாசம் படித்துறையில் மடிக்கணினியோடு

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்தில் ஏறினேன். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம். தோள்பையில், ஆற்றில் குளித்துவிட்டு உடுத்த ஒரு மாற்றுச்சேலையும் ஒரு கிலோகூட இல்லாத சின்ன மடிக்கணினியும் இருந்தன. பதினெட்டாயிரத்துக்கு வாங்கியது. பெரிய வேலைகளைத் தாங்காது. எனக்கு மெய்ப்புத் திருத்தவும், மின்கட்டணம் கட்டவும், டிக்கெட் எடுக்கவும் அது போதும். கணவர் இறந்தபின் இவற்றைத் திருச்சி வீட்டிலிருந்து செய்தாலும் பேருந்திலிருந்து செய்தாலும் ஒன்றுதான்.

சேரன்மகாதேவி வரை அதை மடியில் வைத்து, பாடப்புத்தகம் ஒன்றின் ஒரு பாடத்தைத் திருத்தி முடித்தேன். "சிலேட்டு கணக்கா இருக்கே!" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். சிரித்தேன். அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிவிட்டாள்.

ஒன்பது மணி சுமாருக்குக் கோயிலுக்கு எதிரே இருந்த படித்துறையில் இறங்கினேன். மொட்டை அடித்த பெரியவர் ஒருவர், துணி மூடிய கலயத்தை மார்போடு அணைத்தபடி, நனைந்த கைபேசியை உதறிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குள்ள விழுந்துட்டு தாயி. உசுரே வர மாட்டேங்கு. இது எம் வீட்டுக்காரி அஸ்தி. பய தோஹாவுல இருக்கான், லீவு குடுக்கல. போன்லயாவது பாக்கேன்னு சொன்னான்."

"அண்ணாச்சி, அடுத்த ஆளு காத்திருக்காவ" என்றார் பக்கத்தில் நின்ற புரோகிதர்.

"அவன் பாக்காம கரைக்க மாட்டேன்வே!"

என் கைபேசியில் கேமரா உடைந்திருந்தது. மகனின் எண் பெரியவருக்கு மனப்பாடம். அழைத்து விஷயத்தைச் சொன்னேன்; கைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்து, அவனுக்கு வீடியோ அழைப்பின் இணைப்பை அனுப்பினேன். பிறகு திரையைப் பெரியவர் பக்கம் திருப்பி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு தட்டைப்போல இரு கைகளிலும் ஏந்தி நின்றேன். கனமான கணினி என்றால் ஐந்து நிமிடம்கூட அப்படி நின்றிருக்க முடியாது.

எனக்குத் தெரிந்தது திரையின் முதுகு மட்டும்தான். மகனின் குரல்தான் கேட்டது.

"அப்பா, பைய இறங்குங்க. வழுக்கும்."

"ஏலே, தெரியுதா?"

"தெரியுதுப்பா."

பெரியவர் கலயத்தைச் சாய்த்தார். சாம்பல் கொஞ்ச தூரம் மிதந்து, பிறகு ஆற்று நிறமாகிவிட்டது. திரையிலிருந்து மகனின் அழுகை கேட்டது. மடிக்கணினியை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்க பக்கம் திருப்புங்க, உங்கள ஒரு தடவ பாக்கணும்" என்றான் அவன்.

திருப்பினேன். அங்கே ஒற்றைக் கட்டில் கிடந்த ஓர் அறையில், அவனும் மொட்டை அடித்திருந்தான். கைகூப்பினான்.

பெரியவர் சாப்பிட அழைத்தார். மறுத்துவிட்டு, ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு திருநெல்வேலிப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்தேன். வீடியோ அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள், நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள் என்றது திரை. திருச்சியில் என் வீடும் தினமும் இதைத்தான் சொல்கிறது. அங்கே உடனே டிவியைப் போட்டுவிடுவேன். இன்று அம்பாசமுத்திரம் வரும்வரை அந்தத் திரையை மூடாமலே வந்தேன்.